ராத்திரி 9 மணிக்கு மேல் ஒரு ராணுவம்! - பிஸி அப்பா, அம்மாக்களின் மினியேச்சர் ஹாபி

சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில், ஷூட்டிங் இல்லாத நாள்களில் என்ன செய்வார் தெரியுமா? ஜிம்முக்குப் போவார், அது அவர் தோளைப் பார்த்தாலே தெரியும். இன்னொன்றும் செய்வார். கட்டைவிரலில் பாதி உயரமே இருக்கும் பிளாஸ்டிக் போர் வீரர்களை மேஜையில் நிற்கவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொருவருக்கும் பெயின்ட் அடிப்பார். 'வார்ஹேமர்' என்கிற அந்த விளையாட்டின் மீது அவருக்கு அவ்வளவு பைத்தியம். அதைத் திரைக்குக் கொண்டுவர அமேசானுடன் கைகோப்பதாக 2022 டிசம்பரில் அறிவித்தார்.

சரி, கேவிலுக்கு நேரம் கிடைக்கும். ஆபீஸ் முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வந்து, குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டி, பாத்திரம் கழுவி, கதை சொல்லித் தூங்கவைத்து, ஒன்பது மணிக்கு சோபாவில் விழும் ஒரு சாதாரண அப்பாவோ அம்மாவோ இதை எப்படிச் செய்கிறார்கள்? பிரிட்டனில் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் டெக்னிக் எல்லாம், மொபைலைத் தவிர வேறு எந்த ஹாபிக்கும் டைம் இல்லைன்னு புலம்புற நமக்கும் பயன்படும்.

முதலில், இது என்ன விளையாட்டு? நம் வீட்டு கொலு பொம்மைகள் படியிலிருந்து இறங்கி, இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பெரிய மேஜை, அதில் அட்டையில் செய்த இடிந்த கட்டடங்கள், இரண்டு பேர், ஆளுக்கொரு படை. உங்கள் வீரன் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை இன்ச் டேப்பால் அளப்பீர்கள். அவன் சுட்டது பட்டதா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும்.

வீடியோ கேம் மாதிரி டவுன்லோடு செய்து ஆரம்பிக்க முடியாது. வீரர்கள் உதிரி பாகங்களாக, ஒரு பிளாஸ்டிக் ஃபிரேமில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். கை, கால், தலை எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டும். ஒட்ட வேண்டும். பிரைமர் அடிக்க வேண்டும். அப்புறம் பெயின்ட். ஆக, விளையாட்டு ஆரம்பிக்கும் முன்பே ஹாபியில் பாதிக்கு மேல் முடிந்துவிடும். இந்த வேலையை ரசிக்கிறவர்கள்தான் இதில் நிலைக்கிறார்கள்.

எச்.ஜி.வெல்ஸ் தரையில் தவழ்ந்த கதை

யானை, குதிரை, காலாள் எனப் படையைப் பலகையில் நிறுத்தி ஆடும் யோசனை நம் சதுரங்கத்திலேயே இருக்கிறது. அது பாரசீகம் வழியாக ஐரோப்பா போய் செஸ் ஆனது. அதே யோசனையை வைத்து 1824-ல் பிரஷ்யாவின் இளம் ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், நிஜ வரைபடத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டைகளை நகர்த்தும் ஒரு போர் விளையாட்டை உருவாக்கினார். அது அதிகாரிகளின் பயிற்சிக்கே பயன்பட்டது.

அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் 'டைம் மெஷின்' எழுதிய எச்.ஜி.வெல்ஸ். 1913-ல் வெளிவந்த 'லிட்டில் வார்ஸ்' என்ற அவருடைய புத்தகம், பொம்மை வீரர்களையும் ஸ்பிரிங் பீரங்கியையும் வைத்துத் தரையில் ஆடும் போருக்கான விதிகளைச் சொன்னது. அப்போது அவருக்கு வயது 46. இரண்டு மகன்களுக்கு அப்பா. பாதி ஆட்டத்தில் விருந்தாளிகள் வந்து கெடுத்ததை அந்தப் புத்தகத்திலேயே புலம்பியிருக்கிறார். அபூர்வமான, திறமைசாலியான சில பெண்களால்தான் இதை ஆட முடியும் என்கிற ரேஞ்சில் ஒரு கமென்ட்டும் உண்டு. 1913... விட்டுவிடுவோம். இன்றைக்கு அதைச் சொன்னால் இந்த ஹாபியில் கலக்கிக்கொண்டிருக்கும் பெண்களே பிரஷ்ஷால் குத்துவார்கள்.

'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் (1977) கொடூர கவர்னர் டார்கினாக வந்தாரே பீட்டர் குஷிங், அவரும் இந்தப் பார்ட்டிதான். பெயின்ட் அடித்த வீரர்களை வைத்து வெல்ஸின் விதிகளின்படி அவர் வீட்டில் விளையாடுவதை 1956-லேயே நியூஸ் ரீலாக எடுத்திருக்கிறார்கள்.

இன்றைய பெரிய பெயர் 'கேம்ஸ் ஒர்க்‌ஷாப்'. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் ஆரம்பித்தது. 1983-ல் 'வார்ஹேமர்', 1987-ல் அதன் விண்வெளி வெர்ஷன் 'வார்ஹேமர் 40,000'. இப்போது தலைமையகம் நாட்டிங்ஹாமில். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் டாப் 100 கம்பெனிகளின் பட்டியலுக்குள் நுழைந்தது. பொம்மை வீரர்களை விற்று! நாட்டிங்ஹாமைச் சுற்றி இப்படிப் பல மினியேச்சர் கம்பெனிகள் இருப்பதால், அந்தப் பகுதிக்கு 'லெட் பெல்ட்', அதாவது ஈய வட்டாரம் என்று செல்லப் பெயரே உண்டு. ஒரு காலத்தில் இந்த பொம்மைகளை ஈயம் கலந்துதான் வார்த்தார்கள்.

கணக்கு போடலாமா?

இந்த ஹாபியில் ஒரு சோகமான வார்த்தை இருக்கிறது. 'பைல் ஆஃப் ஷேம்'. வெட்கக் குவியல். வாங்கி, பிரிக்காமலோ பாதி ஒட்டியோ அலமாரியில் கிடக்கும் டப்பாக்களுக்கு அந்தப் பெயர். நம்ம ஊரில் வாங்கிப் படிக்காத புத்தகங்கள் அடுக்கில் தூங்குமே, அதன் பிளாஸ்டிக் வெர்ஷன். குழந்தை பிறந்த பிறகு இந்தக் குவியல் வேகமாக வளரும். பெயின்ட் அடிக்க நேரம் இருக்காது. ஆன்லைனில் ஆர்டர் போட ஒரு நிமிடம் போதும். நேரம் கிடைக்காத ஏக்கத்தை, வாங்குவதில் தீர்த்துக்கொள்கிறோம். ஒரு ஸ்டார்ட்டர் படை டப்பா பிரிட்டனில் ஏறத்தாழ 100 பவுண்டு என்பதால், இந்த ஏக்கம் கொஞ்சம் காஸ்ட்லி. குடும்ப பட்ஜெட்டில் சண்டை வருவதும் பெரும்பாலும் இங்கேதான்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு பேப்பரை எடுங்கள். 500 பாயின்ட் அளவுள்ள சின்னப் படையில் சுமார் 20 வீரர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்க ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் 30 மணி நேரம். வாரத்துக்கு மூன்று ராத்திரி, தலா 40 நிமிடம் கிடைத்தால் வாரம் 2 மணி நேரம். 15 வாரம் ஆகும். மூன்றரை மாதம். பரவாயில்லை.

இதையே முழு ஆட்டத்துக்குத் தேவையான 2,000 பாயின்ட் படைக்குப் போடுங்கள். 80 வீரர்கள், 120 மணி நேரம், 60 வாரம். நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல், ஆபீஸ் டெட்லைன், கிறிஸ்துமஸ், மாமியார் வீடு... ஒன்றரை வருஷம்னு வெச்சுக்கோங்க. வார்ஹேமர் 40,000-ன் விதிப்புத்தகமோ 2017, 2020, 2023 என்று மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறியிருக்கிறது. இடையிலேயே வீரர்களின் பாயின்ட் கணக்கும் மாறும். 'இப்போ எந்தப் படை ஜெயிக்குது' என்று பார்த்து வாங்கினால், நீங்கள் கடைசி வீரனுக்கு பூட்ஸ் கலர் அடிக்கும்போது அந்தப் படை தோற்கும் படையாகியிருக்கும். நேரம் இல்லாதவர்கள் ஜெயிக்கிற படையைத் துரத்தவே கூடாது. பார்க்கப் பிடித்த படையை எடுங்கள். ஒன்றரை வருஷம் அதன் முகத்தைத்தான் பார்க்கப்போகிறீர்கள்.

படையின் தேர்விலேயே பாதி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். ஆர்க், மனிதக் காலாட்படை போன்றவை 2,000 பாயின்ட்டுக்கு நூறு பேரைத் தாண்டும். 'இம்பீரியல் நைட்ஸ்' என்கிற ராட்சத இயந்திரப் படை என்றால் சுமார் பத்து பொம்மைகளில் முடிந்துவிடும். கலரும் அப்படித்தான். வெள்ளையும் மஞ்சளும் ஒரே கோட்டில் சரியாகப் படியாது, இரண்டு மூன்று தடவை அடிக்கவைக்கும். எலும்புக்கூடு படை சோம்பேறிகளின் சொர்க்கம். எலும்பு நிற ஸ்ப்ரே, மேலே பிரவுன் வாஷ், வாளுக்குக் கொஞ்சம் சில்வர், அவ்வளவுதான். வாஷ் என்பது தண்ணீர் மாதிரி ஓடும் கலர். பள்ளங்களில் போய்த் தங்கி, நிழலை அதுவே உருவாக்கிவிடும்.

40 நிமிடத்தில் 25 நிமிடம் எங்கே போகுது?

டேபிளை ஒதுக்கி, பெயின்ட் டப்பாக்களைத் தேடி எடுத்து, பேப்பர் விரித்து, தண்ணீர் பிடித்து... 15 நிமிடம் காலி. முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைக்க 10 நிமிடம். பெயின்ட் அடித்தது என்னவோ 15 நிமிடம்தான். இந்த ஹாபியை நிறைய பேர் விடுவது பெயின்ட்டிங் கஷ்டம் என்பதால் அல்ல, இந்த 25 நிமிடத்தால்.

தீர்வு, ஒரு டிரே. டீ கொண்டுவருவோமே, அந்த மாதிரி விளிம்பு வைத்த பெரிய டிரே. இப்போது அடித்துக்கொண்டிருக்கும் ஐந்து வீரர்கள், அவர்களுக்கு வேண்டிய ஆறேழு கலர், இரண்டு பிரஷ், தண்ணீர்க் கிண்ணம், பழைய துணி. இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் டிரேயை அப்படியே தூக்கி அலமாரி உச்சியில் வைத்துவிடலாம்.

டிரேயில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொன்று, ஈரத் தட்டு. 'வெட் பேலட்' என்பார்கள். இறுக்கமாக மூடும் டப்பா, அதற்குள் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பேக்கிங் பேப்பர். பேப்பர் வழியாக ஈரம் கசிந்துகொண்டே இருப்பதால், சில நிமிடங்களில் காயும் அக்ரிலிக் பெயின்ட் இதில் நாள் கணக்கில் காயாது. நடுவில் குழந்தை அழுகிறதா? மூடிவிட்டுப் போங்கள். நாளைக்கு அதே கலர், அதே பதத்தில் காத்திருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை, சமையலறையிலேயே எல்லாம் இருக்கிறது.

அடுத்தது, களைப்புக்கு ஏற்ற வேலை. மூளை தூங்கிப்போன ராத்திரியில் கண் வரைய உட்காராதீர்கள், மாறுகண்தான் வரும். அன்றைக்கு அடித்தட்டின் விளிம்புக்குக் கறுப்பு அடிக்கலாம், தரைக்கு மணல் ஒட்டலாம். முகம், சின்னம் போன்றவை ஞாயிறு காலை, வீட்டில் மற்றவர்கள் எழும் முன் செய்ய வேண்டியவை. கத்தி பிடிக்கும் வேலையையும் தூக்கக் கலக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் முதல் சில மாதம் பிளேடையே தொடாமல் இருந்தாலும் குற்றமில்லை.

ஐந்து ஐந்து பேராக எடுங்கள். ஐந்து பேருக்கும் முதலில் கவசம், அப்புறம் ஐந்து பேருக்கும் துப்பாக்கி. கடைசி ஆளுக்கு அடித்து முடிக்கும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான். பத்து பேர், இருபது பேர் என்று இழுத்தால் வேகம் கூடும் என்று தோன்றும். மூன்றாவது நாள் அதே நீலத்தை பதினேழாவது முழங்காலில் அடிக்கும்போது வாழ்க்கை வெறுக்கும்.

2019-ல் வந்த 'கான்ட்ராஸ்ட்' பெயின்ட், பெற்றோர்களுக்கு வரப்பிரசாதம். வெளிர் நிற பிரைமர் மேல் ஒரே கோட் போதும். மேடான இடத்தில் வெளிறியும் பள்ளத்தில் அடர்ந்தும் தானே படியும். கறுப்பு பிரைமர் அடித்து, அதன் மேல் ஏறக்குறைய காய்ந்த பிரஷ்ஷால் வெள்ளையைத் தேய்த்து, அப்புறம் கான்ட்ராஸ்ட் பூசுவது இன்னொரு குறுக்கு வழி. இதற்கு 'ஸ்லாப்சாப்' என்று பெயர். 'இது ஏமாற்று வேலை' என்று சொல்லும் சீனியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் காலேஜ் போயிருக்கும்.

ஸ்ப்ரே பிரைமர் மட்டும் உங்கள் நேரத்தைக் கேட்காது, வானிலையைக் கேட்கும். காற்றில் ஈரம் அதிகமானால் சொரசொரப்பாகப் படிந்துவிடும். பிரிட்டிஷ் குளிர்காலத்தில் நல்ல நாளுக்காகக் காத்திருப்பது பெரும்பாடு. அதனால் காய்ந்த ஒரு சனிக்கிழமை கிடைத்தால், இரண்டு மூன்று மாதத்துக்கான வீரர்களை மொத்தமாகத் தோட்டத்தில் வைத்து ஸ்ப்ரே செய்துவிடுகிறார்கள். அது முடியாதவர்களுக்கு பிரஷ்ஷால் அடிக்கும் பிரைமர் இருக்கிறது.

எவ்வளவு நன்றாக அடிக்க வேண்டும்? கை நீட்டும் தூரத்தில் பார்த்தால் அழகாக இருக்கிறதா? போதும். ஆன்லைனில் நீங்கள் பார்க்கும் பரிசு பெற்ற பொம்மைகள், ஒன்றுக்கே பல வாரம் எடுத்தவை. ரீல்ஸ் பார்த்து நம் வீட்டு கிச்சனைத் திட்டுவது மாதிரிதான் அதோடு ஒப்பிடுவதும்.

அந்த நேரம் யாருடையது?

டிப்ஸ் எல்லாம் ஓகே. ஆனால், டிரேயாலும் ஸ்பாஞ்சாலும் தீராத ஒரு விஷயம் இருக்கிறது. நீங்கள் மூன்று மணி நேரம் விளையாடப் போகிறீர்கள் என்றால், இன்னொருவர் மூன்று மணி நேரம் தனியாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். போக வர பயணத்தையும் சேர்த்தால் ஒரு 2,000 பாயின்ட் ஆட்டம் சனிக்கிழமையில் பாதியை விழுங்கிவிடும். அதை 'என் ஹாபி டைம்' என்று மட்டும் எழுதி வைத்தால் கணக்கு தப்பு. காலண்டரில் உங்கள் சனிக்கிழமைக்குப் பக்கத்தில் அவருடைய சனிக்கிழமையும் இருக்க வேண்டும். அவர் அந்த நேரத்தில் ஜும்பா போகலாம், தோழியைப் பார்க்கலாம், சும்மா படுத்துத் தூங்கலாம். என்ன செய்தார் என்று நீங்கள் கேட்கக் கூடாது.

குழந்தை தூங்கிய பிறகான பெயின்ட்டிங் அப்படி யார் நேரத்தையும் தின்பதில்லை என்று நினைப்போம். பாதி உண்மைதான். ஏழு ராத்திரியும் டிரேயோடு உட்கார்ந்தால், பக்கத்து சோபாவில் இருப்பவர் யாரோடு பேசுவார்? வாரத்துக்கு மூன்று ராத்திரி என்று மேலே கணக்கில் போட்டது அதனால்தான். குழந்தை வந்த பிறகு இந்த ஹாபியில் பலர் விளையாட்டைக் குறைத்து, பெயின்ட்டிங்கிலேயே நின்றுவிடுகிறார்கள். அதில் ஒரு ருசியும் உண்டு. வீட்டு வேலை எதுவும் முடிவதே இல்லை. துவைத்த துணி நாளைக்கே அழுக்காகும், துடைத்த தரையில் அரை மணியில் பால் கொட்டும். பெயின்ட் அடித்து முடித்த வீரன் அடுத்த வருஷமும் அப்படியே நிற்பான்.

குட்டிக் கைகள், குட்டிக் காந்தங்கள்

இந்தப் பகுதியை மட்டும் வேகமாக ஸ்க்ரோல் செய்யாதீர்கள். வீரர்களின் ஆயுதங்களை மாற்றி மாற்றிப் பொருத்த, மிளகு அளவுள்ள நியோடிமியம் காந்தங்களை ஒட்டுவது இந்த ஹாபியில் சகஜம். தவழும் குழந்தை இவற்றில் இரண்டை விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கும் சதையை ஓட்டையாக்கிவிடும். ஆபரேஷன் வரை போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி. வாந்தி வருதா பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அந்த வேலையே வேண்டாம் என்பது என் கருத்து.

பழைய உலோக பொம்மைகளில் ஈயம் இருக்கலாம், வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. நீங்களும் அவற்றைத் தொட்ட பிறகு கை கழுவுங்கள். ரெசின் பொம்மையைத் தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள். பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பெரிய பெயின்டர்களுக்கே உண்டு. உங்களைப் பார்த்து குழந்தையும் செய்யும்.

குழந்தை கொஞ்சம் வளர்ந்து, எதையும் வாயில் வைக்காத வயது வந்ததும் பக்கத்தில் உட்காரவைக்கலாம். உங்கள் டிரேயிலிருந்து எதையும் தராதீர்கள். தனியாக ஒரு பிளாஸ்டிக் டைனோசர், கழுவினால் போகும் பெயின்ட், தடித்த பிரஷ். அது டைனோசருக்கு பிங்க் பல் வரைந்தால் பிங்க்தான். நீங்கள் பிரஷ்ஷை வாங்கித் திருத்தினீர்கள் என்றால், அடுத்த ஞாயிறு அது டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடும்.

டைனிங் டேபிள் அளவு போர்

2,000 பாயின்ட் ஆட்டத்துக்கு 60-க்கு 44 இன்ச் மேஜை வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அப்படி ஒரு மேஜை இருந்தாலும், ஆட்டம் முடியும்வரை யாரும் சாப்பிட முடியாது. அதனால்தான் சின்ன ஆட்டங்கள் பெற்றோர்களிடம் பிரபலம். 'காம்பேட் பட்ரோல்' ஆட்டத்துக்கு 44-க்கு 30 இன்ச் போதும். சின்ன அணியோடு ஆடும் 'கில் டீம்' 30-க்கு 22 இன்ச்சில் முடிந்துவிடும். 2015-ல் வந்த 'ஃப்ராஸ்ட்கிரேவ்' விளையாட்டில் மந்திரவாதியையும் சேர்த்து உங்கள் அணியே அதிகபட்சம் பத்து பேர்தான். எந்தக் கம்பெனி பொம்மையையும் வைத்து ஆடலாம். 'ஒன் பேஜ் ரூல்ஸ்' என்கிற விதிகளின் அடிப்படை வெர்ஷன் இலவசமாகவே கிடைக்கிறது.

பெயின்ட்டுக்கே நேரமில்லையா? பீட்டர் டென்னிஸ் என்ற ஓவியர் வரைந்த காகிதப் படைகள் புத்தகமாகவே கிடைக்கின்றன. கத்தரித்து, மடித்து, ஒட்டினால் ராணுவம் தயார். எட்டு வயதுப் பிள்ளையோடு ஒரு மழை நாள் மதியத்தில் முடித்துவிடலாம். கத்தரிக்கோல் வேலையை அவர்களிடம் விட்டால், சில வீரர்களுக்குத் தொப்பி போகும்.

கிளப்களில் 'ஸ்லோ குரோ' என்று ஒரு வகை லீக் நடத்துவார்கள். எல்லோரும் சின்னப் படையோடு ஆரம்பித்து, மாதத்துக்கு ஒரு அணியை மட்டும் சேர்த்துக்கொண்டே போவார்கள். அவசரம் இல்லை, ஆனால் மாதக் கடைசியில் ஒரு டெட்லைன் உண்டு. அதற்குள் முடித்தாக வேண்டும் என்பதாலேயே முடித்துவிடுகிறார்கள். புதிதாக ஆரம்பிக்கும் ஒரு பெற்றோருக்கு நான் சொல்வது இதைத்தான். பக்கத்தில் கிளப் இல்லையென்றால், இன்னொரு பிஸியான நண்பரைப் பிடித்து, மாதத்துக்கு ஐந்து வீரர்கள் என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி ஞாயிறு இரவு ஃபோட்டோ அனுப்ப வேண்டும். அனுப்பாதவர் அடுத்த மாதம் புது டப்பா வாங்கக் கூடாது.